பொருத்தம் பார்த்துத் தொட்டியில் விடுங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேர்ந்து வாழ்வதைப் பற்றி இந்த மாதிரி மேடைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருக்கலாமா, கூட்டுக் குடும்பமா தனிக் குடித்தனமா என்றெல்லாம் வாதாடிக் கைதட்டல் வாங்கியவர்கள் பலர். அந்த வழக்குகளில் இரண்டு தரப்புக்கும் வாய் உண்டு, பேச்சும் உண்டு. நான் இன்று எடுத்துக்கொண்ட வழக்கில் வாய் இருக்கிறது, பேச்சுதான் இல்லை. இரண்டு வகை நன்னீர் மீன்களை ஒரே தொட்டியில் விடலாமா, கூடாதா? இதுதான் என் தலைப்பு.

"மீனுக்கெல்லாம் ஒரு கருத்தரங்கா?" என்று சிலர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. நாம் வாழும் இடத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூரில் நம்மில் பெரும்பாலோர் வீவக வீடுகளில் இருக்கிறோம். அங்கே பூனை வளர்க்க 2024 செப்டம்பரில்தான் அனுமதி கிடைத்தது. நாய் என்றால் அங்கீகரிக்கப்பட்ட சிறிய வகைகளில் ஒன்றே ஒன்று. மீனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் நம் பிள்ளைகளில் பலருக்கு முதன்முதலில் கிடைக்கும் செல்லப்பிராணி மீன்தான். அவர்கள் முதன்முதலில் பார்க்கும் சாவும் பெரும்பாலும் அந்த மீனின் சாவுதான். "நேற்று அஞ்சு இருந்துச்சே, இன்னைக்கு ஏன்ம்மா மூணுதான் இருக்கு?" என்று ஐந்து வயதுப் பிள்ளை கேட்டால் அம்மா என்ன பதில் சொல்வார்? தொட்டியில் சேர்க்கக் கூடாததைச் சேர்த்ததுதான் பல வீடுகளில் அதற்குக் காரணமாக இருக்கிறது.

சிராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் போயிருப்பீர்கள். புளோக்குகளின் கீழ்த்தளத்தில் வரிசையாக மீன் கடைகள். சனி, ஞாயிறு மாலையில் பிளாஸ்டிக் பையில் மீனைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் துள்ளிக்கொண்டு போவார்கள். அங்கே நின்று கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டால் ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கும். "அங்கிள், இது ரெண்டையும் ஒண்ணாப் போடலாமா?" பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். "போடலாம், போடலாம்."

அந்தப் பதிலைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். கடையில் இருக்கும் அந்த இரண்டு அங்குலக் குஞ்சுகளை அன்றைக்கு ஒன்றாகப் போடலாம்தான். ஆறு மாதம் கழித்து அவை என்ன ஆகும் என்று பிள்ளையும் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. கேள்வி கேட்பது என் தொழில். அந்தத் தொழிலில் நான் கற்றது, கேள்வி பாதியாக இருந்தால் பதிலும் பாதியாகத்தான் வரும் என்பது. "இது ரெண்டும் ஒத்துப்போகுமா?" என்பது பாதிக் கேள்வி. "இந்தத் தண்ணீரில், இந்த அளவுத் தொட்டியில், இத்தனை மீன்களாக, முழுதாக வளர்ந்த பிறகும் ஒத்துப்போகுமா?" என்பதே முழுக் கேள்வி.

நம் வீடுகளில் கல்யாணம் என்றால் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். மீன்தொட்டிக்கு ஐந்து பார்த்தால் போதும். தண்ணீர், வாய், குணம், இடம், எண்ணிக்கை. வரிசையாகச் சொல்கிறேன்.

தண்ணீர்ப் பொருத்தம்

முதலில் பார்க்க வேண்டியது சண்டை அல்ல, தண்ணீர். தங்கமீன் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. சீனாவில் குளிர், வெயில் இரண்டும் மாறி மாறி வரும் நீர்நிலைகளிலிருந்து வந்தது. 18 முதல் 23 டிகிரி வரையுள்ள நீர் அதற்குச் சுகமானது. டிஸ்கஸ் மீனோ அமேசான் படுகையைச் சேர்ந்தது. அதற்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும். இரண்டும் சாதுவான மீன்கள்தான், ஒன்றையொன்று கடித்துக் குதறப்போவதில்லை. ஆனால் ஒன்றுக்கு ஏற்ற சூட்டில் இன்னொன்று நாளுக்கு நாள் நலியும். சண்டையே போடாத இரண்டு மீன்களும்கூடச் சேரக்கூடாதவையாக இருக்கலாம் என்பதற்கு இதுவே சான்று.

சிங்கப்பூரில் குளிர்சாதனம் இல்லாத அறையில் தொட்டி நீர் 28 டிகிரிக்குக் குறைவது அரிது. நீர் சூடாக ஆக அதில் கரையும் பிராணவாயு குறையும். 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான் கரையும். தங்கமீன் நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும் மீன். அதைச் சின்னத் தொட்டியில் மற்ற மீன்களோடு நெருக்கி வைத்தால் எல்லோருக்கும் மூச்சு முட்டும். அதிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து, "பசிக்குது போல" என்று உணவைக் கொட்டுகிறவர்கள் உண்டு. பல நேரம் அது பசியே அல்ல, மூச்சுத் திணறல்.

அடுத்தது நீரின் தன்மை. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்குக் காரத்தன்மையும் உப்புச்சத்தும் கூடிய கடின நீர் வேண்டும். காட்டிலிருந்து பிடித்து வந்த டிஸ்கஸுக்கு அமிலத்தன்மையுள்ள மென்னீர் வேண்டும். கப்பி, மோலி மீன்கள் கடின நீரை விரும்பும். பண்ணையில் பல தலைமுறையாகப் பிறந்து வளர்ந்த மீன்களோ கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். எனவே கடையில் மீனின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். "பண்ணையில் பிறந்ததா, ஆற்றில் பிடித்ததா?" என்றும் கேளுங்கள்.

நம் குழாய்த் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாளியில் பிடித்து ஓரிரவு வைத்தால் குளோரின் போய்விடும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பொதுப் பயனீட்டுக் கழகம் நம் குடிநீரில் சேர்ப்பது குளோரமின். அது ஓரிரவில் போகாது. அதற்கென்று கடையில் விற்கும் மருந்தைச் சில சொட்டுகள் விட்டுத்தான் போக்க வேண்டும். இதைச் செய்யாமல், புது மீன் வந்த மறுநாள் பழைய மீன் செத்தது என்று புது மீன்மேல் பழி போடுவது நியாயமில்லை.

வாய்ப் பொருத்தம்

இரண்டாவது பொருத்தம் நமக்குத் தெரிந்ததுதான். பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும். ஆனால் இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பார்க்க வேண்டியது உடல் நீளத்தை அல்ல, வாயின் அகலத்தை. வாய்க்குள் எது அடங்குமோ அது இரை. கெட்ட மீன், நல்ல மீன் என்பதெல்லாம் இதில் கிடையாது.

கடைகளில் அதிகம் சேர்த்து விற்கப்படும் ஜோடி ஏஞ்சல் மீனும் நியான் டெட்ராவும். பார்த்தால் எல்லாப் பொருத்தமும் இருப்பது போலத் தோன்றும். இரண்டும் அமேசான் பகுதியைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் ஒரே மாதிரி நீர் ஏற்கும். நீலமும் சிவப்புமாக நியான் கூட்டம் ஓட, நடுவில் ஏஞ்சல் ராணி மாதிரி மிதந்து வரும். நிழற்படத்துக்கு இதைவிட அழகான காட்சி கிடையாது. வாங்கும்போது ஏஞ்சல் ஒரு 50 காசு நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். வளர்ந்தால் உடல் மட்டுமே 15 சென்டிமீட்டர் வரை வரும். நியான் கடைசிவரை மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். பிறகென்ன, இரவில் விளக்கணைத்த பிறகு ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். காலையில் ஏஞ்சலின் வயிறு மட்டும் கொஞ்சம் உப்பியிருக்கும்.

ஏஞ்சலோடு கூட்டமாக ஓடும் மீன் வேண்டும் என்றால், உடல் உயரமும் பருமனும் உள்ள, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் வளரும் டெட்ரா வகையைத் தேடலாம். ஆஸ்கார் என்ற மீனுக்கு அதுவும் எடுபடாது. அது ஓராண்டுக்குள்ளேயே ஓரடியை நெருங்கும். சிலர் ஆஸ்காரின் தொட்டியில் மிச்சம் மீதியைத் தின்னட்டும் என்று சின்னக் கெளுத்தியான கோரிடோராஸை விடுவார்கள். கெளுத்தி முள் குத்தினால் எப்படி இருக்கும் என்று மீன் ஆய்ந்த நம் பாட்டிகளைக் கேளுங்கள். ஆபத்து வந்தால் அந்த முள்ளைக் கெளுத்தி விறைத்துக்கொள்ளும். ஆஸ்கார் அதை விழுங்கப் போய் முள் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். விழுங்கியதும் சாகும், விழுங்கப்பட்டதும் சாகும்.

"பாசியைத் தின்னும், தொட்டி சுத்தமாகும்" என்று சொல்லி விற்கிற சக்கர் மீனையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். விரல் அளவில் வாங்கிய அது ஓரடியைத் தாண்டி வளரும். டிஸ்கஸ், தங்கமீன் போல மெதுவாக நகரும் அகல உடல் மீன்களின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு அவற்றின் மேல்தோல் வழவழப்பை உறிஞ்சும் பழக்கம் சில சக்கர் மீன்களுக்கு வந்துவிடும். காலையில் தங்கமீன் உடம்பில் வட்ட வட்டமாகக் காயம் இருந்தால் முதலில் அதைத்தான் விசாரிக்க வேண்டும்.

குணப் பொருத்தம்

மூன்றாவது குணம். மீன்கள் எதற்காகச் சண்டை போடுகின்றன? இரைக்கு, இடத்துக்கு, துணைக்கு, குஞ்சுக்கு. மனிதர்களும் பெரிதாக மாறிவிடவில்லை என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது.

தாய்லாந்தில் வளர்த்தெடுக்கப்பட்ட சண்டை மீனை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்நாடு 2019இல் அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. இரண்டு ஆண் சண்டை மீன்களை ஒன்றாக விடக்கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதோடு ஆண் கப்பியைச் சேர்க்கிறவர்கள் நிறைய. கப்பி சாதுதானே, லோங்காங்கில் ஓடும் அந்தச் சின்ன மீன்தானே என்று நினைக்கிறார்கள். நீளமான வால், பளபளக்கும் நிறம். சண்டை மீனின் கண்ணுக்குக் கப்பி இன்னொரு ஆண் சண்டை மீனாகத் தெரிந்துவிடுகிறது. மறுநாள் கப்பிக்கு வால் இருக்காது. தன்னைப் போலவே தோன்றும் மீனைத்தான் ஒரு மீன் முதல் எதிரியாக நினைக்கும். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

வேறு சில மீன்கள் கோபத்தால் அல்ல, குறும்பால் கெடுதல் செய்யும். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட டைகர் பார்ப் அந்த வகை. சுமத்ரா, போர்னியோ பக்கத்துக் கெண்டை இனம் அது. நீண்டு தொங்கும் துடுப்பைக் கண்டால் அதற்குக் கொறிக்காமல் இருக்க முடியாது. ஏஞ்சலின் நூல் போன்ற துடுப்பு அதற்கு இடியாப்பம் மாதிரி.

குணம் என்பது மாறாத ஒன்று என்றும் எண்ணிவிடாதீர்கள். நம் ஊர்ப் பக்கத்திலேயே இதற்கு ஓர் அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆறு கடலோடு கலக்கும் கழிமுகங்களில் இரண்டு மீன்கள் வாழ்கின்றன. ஒன்று கரிமீன். கேரளத்தில் வாழையிலையில் பொதிந்து சுட்டுத் தருவார்களே, அதேதான். 2010இல் அதைத் தங்கள் மாநில மீனாகவே அறிவித்தார்கள். மற்றது அதன் சிறிய உறவுக்காரரான ஆரஞ்சு குரோமைட். ஆரஞ்சு குரோமைட், கரிமீனின் உடம்பில் ஒட்டியிருப்பவற்றைக் கொத்திச் சுத்தம் செய்கிறது. கரிமீனும் அசையாமல் நின்று அதற்கு இடம் கொடுக்கிறது. 1970களில் ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதே ஆரஞ்சு குரோமைட் வாய்ப்புக் கிடைத்தால் கரிமீனின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகிறது.

இப்போது நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். இவை இரண்டும் நண்பர்களா, பகைவர்களா? முட்டை இல்லாத நாளில் நண்பர்கள், முட்டை இட்ட நாளில் பகைவர்கள். மீன்தொட்டியிலும் இதேதான் நடக்கிறது. மாதக்கணக்கில் அமைதியாக இருந்த ஏஞ்சல் ஜோடி, முட்டை இட்ட அன்று மற்ற எல்லா மீன்களையும் ஒரு மூலைக்கு விரட்டும். "இத்தனை நாள் நல்லாத்தானே இருந்துச்சு" என்று நாம் திகைத்து நிற்போம். அதனால்தான் பொருத்தம் பார்ப்பதை வாங்கிய நாளோடு முடித்துவிடக்கூடாது. மீன் வளர்ந்து பருவத்துக்கு வரும்போது மறுபடியும் பார்க்க வேண்டும்.

இடப் பொருத்தம்

நான்காவது இடம். மீன்களில் மேல்மட்டத்தில் நீந்துபவை, நடுவில் நீந்துபவை, அடியில் கிடப்பவை என்று மூன்று வகை உண்டு. மட்டம் வேறாக இருந்தால் உரசல் குறையும். சிங்கப்பூரில் அரோவனா வளர்ப்பவர்கள் சிலர் அதே தொட்டியில் நன்னீர்த் திருக்கையை விடுவது இந்தக் கணக்கில்தான். அரோவனா மேலே, திருக்கை தரையில். கணக்கு சரி. ஆனால் இரண்டுமே பெரிதாக வளர்பவை. அரோவனா தடங்கலின்றித் திரும்பவும் திருக்கை தரையில் விரிந்து படுக்கவும் தொட்டிக்கு நல்ல நீளமும் அதைவிட முக்கியமாக அகலமும் வேண்டும். வரவேற்பறையில் பாதியை அதற்குக் கொடுக்க மனமிருந்தால் செய்யலாம்.

தொட்டி வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். மீன் நீந்துவது நீளவாக்கில். பிராணவாயு கலப்பது மேற்பரப்பில். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி சுமார் 54 லிட்டர் பிடிக்கும். மணலும் கல்லும் போட்டால் இன்னும் குறையும். நம் வீட்டு மேசையில் வைக்கக்கூடியது அவ்வளவுதான். அந்த அளவுக்குத் தகுந்த மீனைத் தேடுங்கள். பெரிய மீனை வாங்கிவிட்டு, "வளர்ந்தால் பெரிய தொட்டி வாங்கிக்கொள்ளலாம்" என்று சொல்பவர்களில் உண்மையில் வாங்குபவர்கள் சிலரே.

இடம் பெரிதானால் தீர்ப்பும் மாறும் என்பதை மண்டாயில் உள்ள ரிவர் வொண்டர்ஸ் பூங்காவில் நேரில் பார்க்கலாம். அங்கே அமேசான் வெள்ளக்காட்டுத் தொட்டியில் கடற்பசுவும் அரபைமா என்ற இராட்சத மீனும் ஒன்றாக நீந்துகின்றன. பிள்ளைகளை அழைத்துப் போங்கள். ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். அந்தத் தொட்டிக்குப் பின்னால் முழுநேரப் பணியாளர்களும் பெரிய வடிகட்டிகளும் இருக்கின்றன. நம் வீட்டில் இருப்பது நாமும், சனிக்கிழமை மட்டும் ஆர்வம் வரும் நம் பிள்ளையும்தான்.

எண்ணிக்கைப் பொருத்தம்

ஐந்தாவது எண்ணிக்கை. மற்ற நான்கையும் பார்ப்பவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள். டைகர் பார்ப் இரண்டு, டெட்ரா இரண்டு, ராஸ்போரா இரண்டு என்று வகைக்கு ஒரு ஜோடியாக வாங்குவது நம் வழக்கம். நோவாவின் பேழைக்கு அது பொருந்தும், மீன்தொட்டிக்குப் பொருந்தாது. கூட்டமாக வாழும் மீன் இரண்டாக இருந்தால் பயந்து சாகும், அல்லது பயத்தில் பிறரைத் தொல்லை செய்யும். அதே டைகர் பார்ப் எட்டு, பத்தாக இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்திப் பிடித்து விளையாடிக்கொண்டு மற்றவர்களைப் பெரும்பாலும் விட்டுவிடும். அப்போதும் ஏஞ்சலோடு சேர்க்க நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேகமாக நீந்தும், துடுப்பு நீளாத மீன்களோடு தாராளமாகச் சேர்க்கலாம்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. சிவப்பு வால் கறுப்பு ஷார்க் என்று ஒன்று விற்கிறார்கள். அது சுறாவும் அல்ல, கெண்டை இனம். அதில் ஒரு தொட்டிக்கு ஒன்றுக்கு மேல் ஆகாது.

எண்ணிக்கை கூடினால் கழிவும் கூடும். தொட்டியில் மீன்கள் பகிர்ந்துகொள்வது இடத்தை மட்டுமல்ல, அமோனியாவையும்தான். அந்த அமோனியாவைத் தின்று நஞ்சு குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். வாங்கிய அன்றே தொட்டியை நிரப்பிவிட்டால் எத்தனை பொருத்தம் இருந்தும் பயனில்லை.

ஒரு ஜோடியைத் தீர்ப்பிடுவோம்

ஐந்தையும் வைத்து ஒரு ஜோடியைப் பார்ப்போம். இரண்டடித் தொட்டி. ஹார்லெக்வின் ராஸ்போரா எட்டு, குஹ்லி அயிரை ஆறு. தேனியில் அயிரைக் குழம்பு சாப்பிட்டவர்களுக்கு அந்தக் குடும்பத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ராஸ்போராவோ தாமிர நிறத்தில் கறுப்பு முக்கோணம் போட்ட, நம் வட்டாரத்தைச் சேர்ந்த மீன்.

தண்ணீர்? இரண்டும் தென்கிழக்காசிய ஓடைகளின் மென்னீர் மீன்கள், நம் வெப்பமும் ஏற்கும். வாய்? இரண்டுக்கும் சின்ன வாய். குணம்? இரண்டும் சாது. இடம்? ஒன்று நடுவில், ஒன்று மணலில். எண்ணிக்கை? இரண்டுக்கும் கூட்டம் இருக்கிறது. தீர்ப்பு, சேர்க்கலாம். இரண்டு நிபந்தனைகள் உண்டு. அயிரை புதையும், எனவே கூர்மையான கல் கூடாது, மெல்லிய மணல் வேண்டும். சந்து கிடைத்தால் வெளியே நழுவும், எனவே மூடி வேண்டும். இதோடு, ராஸ்போராக்கள் மேலேயே எல்லா உணவையும் தின்றுவிடாமல் இருக்க, இரவில் விளக்கணைத்த பிறகு அடியில் விழும் உணவைக் கொஞ்சம் போடுங்கள்.

பொருத்தம் சரியாக இருந்தாலும் குடியேற்றும் முறை ஒன்று உண்டு. புது மீனை இரண்டு வாரமாவது தனிப் பாத்திரத்தில் வைத்து நோய் இருக்கிறதா என்று பாருங்கள். சாதுவான மீனை முதலில் விடுங்கள், முரட்டு மீனைக் கடைசியில் விடுங்கள். முதலில் வந்தவர்தான் வீட்டுக்காரர் என்ற எண்ணம் மீனுக்கும் உண்டு. முரட்டு மீன் ஏற்கெனவே இருந்தால், புது மீன் வரும் நாளில் கல்லையும் செடியையும் இடம் மாற்றி வையுங்கள். எல்லோருக்கும் அது புது வீடாகிவிடும். பிறகு இரண்டு நாள் கவனியுங்கள். துடுப்பு கிழிகிறதா, நிறம் வெளுக்கிறதா, ஒரு மீன் மட்டும் மூலையிலேயே நின்று உணவுக்கு வராமல் இருக்கிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் "பழகிடும்" என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

பிரித்த மீனை என்ன செய்வது?

நேயர்களே, நான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டதற்கு உண்மையான காரணத்துக்கு இப்போது வருகிறேன். பொருத்தம் தவறினால் நட்டம் தொட்டிக்குள் மட்டும் நிற்பதில்லை.

2000களின் தொடக்கத்தில் இங்கே லுவோஹான் மோகம் எப்படிப் பரவியது என்று நினைவிருக்கும். நெற்றி புடைத்த அந்த மீனின் உடம்பில் இருக்கும் புள்ளிகளில் எண்ணைத் தேடி 4டி வாங்கியவர்கள் உண்டு. அது மலேசியாவில் 1990களில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட மீன். முரட்டுத்தனம் அதன் பிறவிக் குணம், அநேகமாகத் தனியாகத்தான் வைக்க வேண்டும். மோகம் தணிந்தது. பழைய மீன்களோடு சேர்க்கவும் முடியவில்லை, தனித் தொட்டி வைக்கவும் மனமில்லை. விளைவு, லுவோஹான்கள் நம் நீர்த்தேக்கங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. சக்கர் மீன் அங்கே போனது. தென்னமெரிக்கத் திருக்கையும் சிங்கப்பூர் நீர்த்தேக்கத்தில் வாழ்வதாக 2010இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அதன் வாலில் நஞ்சுள்ள முள் இருக்கிறது.

"பாவம், சுதந்திரமாகப் போகட்டும்" என்ற நல்ல எண்ணத்தில்தான் பலர் விடுகிறார்கள். விசாக தினத்தையொட்டிப் புண்ணியம் என்று விடுகிறவர்களும் உண்டு. அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தொட்டியில் பிறந்த மீன்களில் பல வெளியில் விட்டதும் பசியில் செத்துப்போகின்றன. பிழைத்தவை நம் சொந்த மீன்களின் முட்டையையும் இரையையும் தின்கின்றன. சிங்கப்பூரின் சொந்த நன்னீர் மீன் வகைகளில் ஏறத்தாழப் பாதி நீ சூன் சதுப்புநிலக் காட்டில் வாழ்கிறது. நம் வீட்டுத் தொட்டியில் இரண்டு மீனுக்குப் பொருத்தம் பார்க்கத் தவறினோம். அதே பொருந்தாத சண்டையைக் கொண்டுபோய் ஒரு முழு நீர்த்தேக்கத்தில் மூட்டிவிடுவது நியாயமா? அங்கே பிரித்து வைக்க இரண்டாவது தொட்டியும் கிடையாது.

இது சட்டப்படியும் குற்றம். 2020இல் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்கீழ் அனுமதியின்றி விலங்குகளை வெளியில் விடுவதற்குத் தண்டனை உண்டு. தேசியப் பூங்காக் கழகமும் இதைத் தொடர்ந்து எடுத்துச் சொல்லி வருகிறது. எனவே பொருந்தாத மீனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். மீன் வளர்க்கும் நண்பருக்குக் கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால் தொட்டிக்கு நடுவில் ஒரு தடுப்பு வையுங்கள். வாங்குவதற்கு முன்பே, "ஒத்துப்போகவில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொள்வேன் என்று சொல்லும் கடையில் இரண்டு வெள்ளி கூடக் கொடுத்தாலும் தகும்.

நிறைவாக ஒன்று. வகை வகையாகச் சேர்த்தால்தான் தொட்டி அழகு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஒரே வகை மீன் பத்துப் பன்னிரண்டு, பச்சைச் செடிகளுக்கு நடுவே ஒன்றாகத் திரும்பி ஒன்றாக ஓடுவதைப் பாருங்கள். அதைவிட அமைதியான காட்சி வீட்டில் வேறு இருக்க முடியாது. ஐந்து பொருத்தத்தில் ஒன்றில் சந்தேகம் வந்தாலும் இந்த வழிக்குப் போங்கள். அடுத்த வாரம் கடைக்குப் போகும்போது பிள்ளையின் கையில் ஒரு தாளைக் கொடுத்து ஐந்து கேள்விகளையும் எழுதச் சொல்லுங்கள். கேள்வியை அவர்களே கேட்கட்டும், பதிலை அவர்களே குறித்துக்கொள்ளட்டும். பிள்ளைக்குப் பொறுப்பு வரும், மீனுக்கு ஆயுள் நீளும்.